சிவப்பதெல்லாம் கேரமல் அல்ல

தமிழ்ச் சமையல் குறிப்புகளில் அண்மைக் காலமாக ஒரு சொல் வேகமாகப் பரவியிருக்கிறது. வெங்காயத்தைக் கேரமலைஸ் செய்யச் சொல்கிறார்கள். கேரட்டைக் கேரமலைஸ் ஆகும்வரை வதக்கச் சொல்கிறார்கள். இறைச்சித் துண்டின் மேல் படியும் பழுப்புத் தோலும், அடுப்பில் நெடுநேரம் கிண்டிய பாலின் நிறமும் அதே பெயரைப் பெறுகின்றன. எது சிவந்தாலும் கேரமல் என்பது வழக்கமாகிவிட்டது. உணவு வேதியியலில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள் இதைவிடக் குறுகியது. சீனி, வேறொரு பொருளின் துணையில்லாமல் வெப்பத்தால் மட்டுமே சிதைந்து, பழுப்பு நிறமும் புதிய மணமும் லேசான கசப்பும் பெறுவதுதான் கேரமல் ஆதல். வெங்காயம், பால், இறைச்சி, தோசை இவையெல்லாம் சிவப்பது பெரும்பாலும் வேறொரு வினையால். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த வேறுபாடு கறிக்கு உதவும். எந்த வினை நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதை வேகப்படுத்தவோ நிறுத்தவோ வழி தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் அந்த வழி மறைந்துபோகிறது.

சீனியிலிருந்தே தொடங்கலாம். வெறும் வாணலியில் சீனியைப் போட்டுச் சூடாக்கினால் அது உருகுகிறது என்கிறோம். பனிக்கட்டி உருகினால் தண்ணீராகும். அந்தத் தண்ணீரைக் குளிரவைத்தால் பனிக்கட்டியே திரும்பக் கிடைக்கும். உருகுதல் என்றால் பொருள் மாறாமல் நிலை மட்டும் மாறுவது. வாணலியில் பழுப்பாக வழியும் சீனியை எவ்வளவு குளிரவைத்தாலும் பழைய வெள்ளைச் சீனி திரும்பாது. இது பொது அறிவுக்கே எட்டும் செய்திதான் என்றாலும், விஞ்ஞானிகளை இது நெடுங்காலம் குழப்பியது. சீனியின் உருகுநிலை என்று வெவ்வேறு நூல்கள் 160 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு எண்களைத் தந்துவந்தன. ஒரு தூய பொருளுக்கு உருகுநிலை இப்படி ஊசலாடக் கூடாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஷெல்லி ஷ்மிட் என்ற உணவியல் பேராசிரியரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை கூறின. சீனிப் படிகம் உண்மையில் உருகுவதில்லை, சிதைகிறது. சிதைவதால்தான் படிகம் குலைந்து வழிகிறது. அதனால்தான் வேகமாகச் சூடாக்கினால் உயர்ந்த வெப்பநிலையிலும், மெதுவாகச் சூடாக்கினால் தாழ்ந்த வெப்பநிலையிலும் அது நிகழ்கிறது. சமையல்காரருக்கு இதில் ஒரு நேரடியான பலன் இருக்கிறது. கேரமல் என்பது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திடீரென்று தோன்றுவதல்ல, வெப்பமும் நேரமும் சேர்ந்து தருவது. 150 டிகிரி வைத்த அவனில் சீனியைப் பரப்பி, அவ்வப்போது கிளறி, சில மணிநேரம் விட்டால், அது வழியாமலேயே, மணல் மணலாக இருந்தபடியே பழுப்பேறி மணக்கும். இப்போது பல மேலைநாட்டு இனிப்புக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள்.

தண்ணீர் சேர்த்துக் காய்ச்சும்போது வேறொரு கணக்கு உண்டு. பாகில் தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பம் ஓர் அளவுக்குமேல் ஏறாது. தண்ணீர் ஆவியாகிப் பாகு கெட்டியாகக் கெட்டியாகக் கொதிநிலை படிப்படியாக உயரும். நம் வீடுகளில் பதம் பார்ப்பது என்பது இந்த ஏற்றத்தை விரலால் அளப்பதுதான். விரல்களுக்கிடையே ஒற்றைக் கம்பி இழுபடும்போது பாகு 106 டிகிரியைத் தாண்டியிருக்கும். தண்ணீரில் விட்டு உருட்டினால் மெத்தென்ற உருண்டை வருவது 112, 116 டிகிரி வாக்கில். உருட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும் என்பது கார்த்திகைப் பொரி உருண்டைக்குச் சொல்லும் பதம். தண்ணீர் இன்னும் வெகுவாக வற்றிய கட்டம் அது. 150 டிகிரி வாக்கில் பாகு கண்ணாடிபோல் ஒடியும். இவ்வளவு தூரம் வரையிலும் வெள்ளைச் சீனிப் பாகு கிட்டத்தட்ட நிறமற்றே இருக்கும் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 160ஐ நெருங்கும்போதுதான் வைக்கோல் நிறம் தட்டும். 170இல் தேன் நிறம், 180இல் செம்பழுப்பு, 190ஐத் தாண்டினால் கசப்பு மேலோங்கும், 200க்கு மேல் கரிதான். மைசூர்பாகுக்கும் லட்டுக்கும் வைக்கும் பாகு இந்தப் பாதையின் முதல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கேரமல் தொடங்குவது நம் பதங்களெல்லாம் முடிந்த இடத்துக்கும் அப்பால்.

அந்த எல்லையைத் தாண்டியதும் என்ன நடக்கிறது? சீனி என்கிற சுக்ரோஸ் ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் பிணைந்த மூலக்கூறு. முதலில் அந்தப் பிணைப்பு அறுகிறது. பிறகு ஒவ்வொரு துண்டும் தன்னிடமுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தண்ணீராக இழக்கிறது. சில துண்டுகள் மேலும் சிறியவையாக உடைந்து ஆவியாகின்றன. மூக்குக்கு எட்டும் மணம் இவைதான். டைஅசெட்டைல் வெண்ணெய் மணம் தரும், மால்டால் வறுத்த மணம் தரும், ஃபியூரான் வகையின கொட்டைப் பருப்பின் சாயலைத் தரும், அசெட்டிக் அமிலம் மெல்லிய புளிப்பைத் தரும். இன்னும் சில துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரும் மூலக்கூறுகளாகின்றன. பழுப்பு நிறத்துக்கு அவையே காரணம். ஒரே ஒரு பொருள், அதுவும் இனிப்பு ஒன்றைத் தவிர வேறு சுவையோ மணமோ இல்லாத பொருள், வெப்பம் பட்ட சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான சேர்மங்களாக விரிகிறது. சமையலறையில் நடக்கும் மாற்றங்களில் இதற்கு இணையாக வியப்பூட்டுவது அதிகம் இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. சிதைந்த சீனி இனிக்காது. நிறம் ஏற ஏற இனிப்புக் குறையும். கருஞ்சிவப்புவரை கொண்டுபோன கேரமலைப் பாயசத்திலோ கேக்கிலோ சேர்ப்பவர்கள், அதில் போட்ட சீனியின் இனிப்பு முழுவதும் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாற வேண்டியிருக்கும்.

சர்க்கரை வகைகள் எல்லாம் ஒரே வெப்பத்தில் சிதைவதில்லை. பிரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே பழுப்பேறத் தொடங்கும். குளுக்கோஸுக்கும் சுக்ரோஸுக்கும் 160 வாக்கில் வேண்டும். பிரக்டோஸ் நிறைந்த தேன் அடுப்பில் சட்டெனக் கறுத்துவிடுவது இதனால்தான். நம்முடைய பில்டர் காபிக்கும் இதில் பங்கு உண்டு. காபித்தூளோடு கலக்கும் சிக்கரி வேரில் இனுலின் என்ற பொருள் ஏராளம். அது பிரக்டோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தது. வறுக்கும்போது சங்கிலி உடைந்து பிரக்டோஸ் வெளிப்பட்டுக் கேரமலாகிறது. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனின் அடர்ந்த நிறத்துக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இனி இன்னொரு சிவத்தலுக்கு வருவோம். 1912இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவற்றைச் சர்க்கரையோடு சூடாக்கினால் கலவை பழுப்பாவதைக் கண்டு அறிவித்தார். சமையலைப் பற்றி அவர் எண்ணவில்லை. அந்த வினையின் படிகளை வரிசைப்படுத்தி 1953இல் விளக்கியவர் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் ஜான் ஹாட்ஜ். புரதத்தின் கூறாகிய அமினோ அமிலமும், குளுக்கோஸ், பிரக்டோஸ், பாலிலுள்ள லாக்டோஸ் போன்ற வினைபுரியும் சர்க்கரையும் சேர்ந்தால் இந்த வினை தொடங்கும். வெள்ளைச் சீனியாகிய சுக்ரோஸ் உடையாதவரை இதில் சேராது. 140 டிகிரி வாக்கில் வினை வேகமாக நடக்கும். நேரம் கொடுத்தால் 100 டிகிரியிலும் நடக்கும். நைட்ரஜனும் சில சமயம் கந்தகமும் இதில் கலப்பதால், தூய கேரமலில் கிடைக்காத ரொட்டி மணம், வறுகடலை மணம், இறைச்சி மணம் எல்லாம் இதில் பிறக்கின்றன.

இரண்டும் வேறு வேறு என்பதற்குக் கைக்கெட்டும் சான்று கண்டென்ஸ்டு மில்க். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி, கொதிக்கும் தண்ணீரின்மேல் சில மணிநேரம் வைத்தால், அல்லது பிரஷர் குக்கரில் முக்கால் மணிநேரம் வேகவைத்தால், வெள்ளையாய் இருந்தது செம்பழுப்பாகக் கெட்டிப்படும். தென் அமெரிக்கர்கள் டூல்சே தே லெச்சே என்று கொண்டாடும் இனிப்பும் இதே வகைதான். கடைகளிலும் குறிப்புகளிலும் இதைப் பால் கேரமல் என்கிறார்கள். கொதிநீரின் ஆவி 100 டிகிரி. குக்கருக்குள் 120. சுக்ரோஸ் அந்த நேரத்துக்குள் அந்த வெப்பத்தில் கேரமலாகாது. அதே குக்கரில் அதே நேரம் சீனிப் பாகை வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ வைத்த நிறத்திலேயே இருக்கும். பாலைச் சிவக்க வைத்தது பாலின் புரதமும் லாக்டோஸும் நடத்திய மையார் வினை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் மங்கிய மஞ்சள் பழுப்பும், திரட்டுப்பாலின் நிறமும், நெடுநேரம் சுண்டிய பாலின் மேல் படரும் இளஞ்சிவப்பும் அந்த வகையே. பால்கோவாவுக்குச் சீனியைக் குறைத்தால் இனிப்புக் குறையுமே தவிர நிறம் பெரிதாகக் குறையாது. கிண்டும் நேரத்தைக் குறைத்தால் நிறம் போய்விடும். சீனிதான் சிவக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர் நிறம் போதவில்லையென்று இன்னும் சீனியை அள்ளிப் போடுவார்.

வெங்காயத்தில் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் அதில் இரண்டு வினைகளும் நடக்க இடம் உண்டு. வெங்காயத்தில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர், ஏறத்தாழ 4 பங்கு சர்க்கரைகள், 1 பங்கு புரதம். தண்ணீர் வற்றும்வரை சட்டியின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்த வெப்பத்தில் சுக்ரோஸ் அசையாது. வெங்காயத்தின் குளுக்கோஸும் பிரக்டோஸும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து மெல்ல நடத்தும் மையார் வினைதான் முதல் நிறத்தைத் தருகிறது. தண்ணீர் வற்றி ஓரங்களில் வெப்பம் ஏறும்போது பிரக்டோஸின் கேரமலும் சேர்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். வெங்காயம் கேரமலாக 5 நிமிடம், 10 நிமிடம் போதும் என்று குறிப்புகள் எழுதுவது பொய், உண்மையில் முக்கால் மணிநேரம் ஆகும் என்று அமெரிக்க எழுத்தாளர் டாம் ஸ்காக்கா 2012இல் ஸ்லேட் இதழில் கடிந்து எழுதியது பெரும் கவனம் பெற்றது. நிமிடத்தைச் சுருக்கி எழுதுகிறவர்கள், சீனி வாணலியில் சில நிமிடங்களில் சிவப்பதைப் பார்த்துப் பழகி, அதே பெயரைத் தாங்கிய வெங்காயமும் அதே வேகத்தில் சிவக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது. வதக்கிய வெங்காயம் இனிப்பதற்குக் கேரமல் காரணம் என்பதும் இதே குழப்பத்தில் பிறந்த நம்பிக்கை. கேரமல் ஆவதென்றால் சர்க்கரை அழிய வேண்டும்; அழிந்த சர்க்கரை எப்படி இனிக்கும்? கந்தகம் கலந்த காரச் சேர்மங்கள் வெப்பத்தில் விலகிப்போவதாலும், தண்ணீர் வற்றி இருக்கிற சர்க்கரை செறிவதாலுமே வெங்காயம் இனிக்கிறது.

எந்த வினை என்று அறிவதால் கையில் வரும் பிடி என்ன? அமிலம், காரம், தண்ணீர், வெப்பம் ஆகியவற்றுக்கு இரண்டும் ஒரேபோல் பணிவதில்லை. சீனியின் சிதைவை அமிலமும் விரைவுபடுத்தும், காரத்தன்மையும் விரைவுபடுத்தும். சீனிப் பாகில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரியும். பாகு மணல் தட்டாது, நிறமும் தடையின்றி ஏறும். மையார் வினைக்கோ அமிலம் பகை. எலுமிச்சை, புளி, தக்காளி, தயிர் எது சேர்ந்தாலும் அது தளரும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் பாயும். வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகே தக்காளி சேர்க்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வது இதனால்தான். தக்காளி தன் தண்ணீரால் வெப்பத்தை இறக்குகிறது, தன் புளிப்பால் வினையைத் தடுக்கிறது. அதற்குப் பின் எவ்வளவு வதக்கினாலும் வெங்காயம் குழையுமே தவிர எளிதில் சிவக்காது. வெங்காயத்தில் சிட்டிகை சோடா போட்டால் விரைவில் சிவக்கும் என்பதும் உண்மை, ஆனால் அது வெங்காயத்தின் பெக்டினையும் கரைத்துக் கூழாக்கிவிடும். கிரேவிக்குப் பரவாயில்லை, பிரியாணியின் மேல் தூவுவதற்கு உதவாது.

தோசையையும் பாருங்கள். உணவகத் தோசை செக்கச் சிவந்து முறுகுவதற்காக மாவில் கொஞ்சம் சீனியும், அரைக்கும்போது ஒரு பிடி கடலைப்பருப்பும் சேர்ப்பது பழகிய உத்தி. சீனி சேர்த்தால் சிவக்கிறது, ஆகவே அது கேரமல் என்று முடிவுகட்டலாம். அப்படியானால் கடலைப்பருப்புக்கு அங்கே என்ன வேலை? பருப்பு தருவது புரதம். புளித்த மாவில் சீனி உடைந்து தருவது வினைபுரியும் சர்க்கரை. இரண்டும் கல்லின் சூட்டில் சந்திக்கும்போது தோசை சிவக்கிறது. அளவுமீறிப் புளித்த மாவில் சுடும் தோசை வெளிறிப்போவதற்கும் இந்த வழியில் விளக்கம் உண்டு. நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்திருக்கும், அமிலமும் கூடியிருக்கும். கேரமல் என்ற ஒரே சொல்லோடு நின்றவருக்கு இந்த இரண்டு காரணங்களும் தென்படுவது கடினம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. சட்டிக்குள் இரண்டு வினைகளும் கலந்தே நடக்கின்றன, பிரித்துப் பார்ப்பது ஆய்வகத்தில்தான் முடியும், சமையலறையில் வேறுபாடு பேசி என்ன பயன் என்று கேட்கலாம். கலந்து நடக்கின்றன என்பது சரி. வெல்லமே அதற்குச் சாட்சி. கரும்புச் சாற்றில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் பிரக்டோஸும் அமினோ அமிலங்களும் இருப்பதால், கொப்பரையில் காய்ச்சும்போது இரண்டு வகைப் பழுப்பும் ஏறுகின்றன. சாற்றைத் தெளியவைக்கச் சேர்க்கும் சுண்ணாம்பு அளவு மீறினால் வெல்லம் கறுத்துவிடும் என்று ஆலைக்காரர்கள் அறிவார்கள். காரத்தன்மை பழுப்பை வேகப்படுத்துவதன் விளைவு அது. ஆனால் கலந்திருப்பதாலேயே பகுத்தறிவது வீண் என்று ஆகிவிடாது. வங்காளத்தின் சிவப்புத் தயிரை இரண்டு வழியில் செய்கிறார்கள். சீனி சேர்த்த பாலை மணிக்கணக்கில் சுண்டவைத்து, அது சிவந்த பிறகு உறையிடுவது ஒரு வழி. கொஞ்சம் சீனியைத் தனியே கேரமலாக்கிப் பாலில் கரைத்து உறையிடுவது மற்றொரு வழி. நிறம் ஏறக்குறைய ஒன்று, சுவை ஒன்றல்ல. முதலாவதில் சுண்டிய பாலின் கொழுமை, இரண்டாவதில் கருகலின் ஓரத்தைத் தொட்ட கூர்மை. கேரமல் தயிர் என்று ஒரு குறிப்பு சொன்னால், எந்த வழியில் போவது என்பதை வாசிப்பவர் எப்படி அறிவார்? இரண்டும் சேர்ந்து நடக்கும் இடங்களிலும் எது பெரும்பங்கு வகிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பாட்டிமார் மையாரையும் அறிய மாட்டார்கள், கேரமலையும் அறிய மாட்டார்கள், அவர்கள் கைப்பக்குவத்துக்கு என்ன குறை என்பது அடுத்த மறுப்பு. குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணினார்கள் என்பதற்கும் சான்று இல்லை. சீனிக்கும் வெல்லத்துக்கும் அவர்கள் பார்த்தது பாகுப் பதம்; வெங்காயத்துக்கும் பருப்புக்கும் ரவைக்கும் பார்த்தது பொன்னிறம், சிவக்க வறுத்தல், முறுகல். இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. தங்கள் சமையலுக்கு வேண்டிய பகுப்பு அவர்களிடம் இருந்தது. வெள்ளைச் சீனியைக் கருக்கி நிறமேற்றும் தேவை அவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை, ஏனென்றால் வெல்லமும் கருப்பட்டியும் ஏற்கெனவே பழுப்பேறியே கைக்கு வந்தன. வெல்லத்தைப் பாகு காய்ச்சும்போதே மணமும் நிறமும் கூடவே வரும். அதை 160, 170 டிகிரிவரை கொண்டுபோனால் கருகல்தான் மிஞ்சும். இன்றைய நிலை வேறு. கேரமல் புட்டிங், பிளம் கேக், அவனில் சுட்ட காய்கறி, வேற்று நாட்டு இறைச்சிக் குறிப்புகள் எல்லாம் நம் அடுப்படிக்கு வந்துவிட்டன. தலைமுறைகளாகப் பழகிய கண்ணும் மூக்கும் அந்த உணவுகளுக்கு இன்னும் அமையவில்லை. அனுபவம் சேரும்வரை காரணத்தை அறிவதுதான் துணை. பழைய சமையலிலும், அவித்த கருணைக்கிழங்கு வறுக்கும்போது ஏன் சட்டியில் நீர் தேங்கக் கூடாது, மீனுக்குப் புளிப்பு மசாலா தடவினால் ஏன் நிறம் பிடிக்கத் தாமதமாகிறது என்பவற்றுக்கு இதே அறிவு பதில் தருகிறது.

சொல்லின் பொருளை வழக்கம்தான் முடிவு செய்கிறது, உலகமே வெங்காயத்தைக் கேரமல் என்கிறபோது தனியே நின்று மறுப்பானேன் என்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் அந்த வழக்கம் வேரூன்றிவிட்டது உண்மை. அதை யாரும் பிடுங்க முடியாது. தமிழில் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சிவக்க வதக்குதல் என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. அதைவிடக் கனமான காரணம் உடல்நலம் சார்ந்தது. உணவுப் பொட்டலங்களின் சேர்மானப் பட்டியலில் 150ஏ, 150பி, 150சி, 150டி என்ற எண்களைக் காணலாம். நான்குக்கும் பெயர் கேரமல் நிறம். முதலாவது சீனியை அப்படியே சூடாக்கி எடுத்தது. வீட்டுக் கேரமலுக்கு நெருங்கிய உறவு. இரண்டாவதில் சல்ஃபைட்டும், மூன்றாவதில் அம்மோனியாவும், நான்காவதில் இரண்டும் சேர்கின்றன. கோலா பானங்களில் உள்ளது நான்காவது. அம்மோனியா சேர்ந்ததும் நைட்ரஜன் உள்ளே வந்துவிடுகிறது. வினை இனித் தனிச் சீனியின் சிதைவு அல்ல. அதில் துணைப்பொருளாக 4-மெத்தில் இமிடசோல் தோன்றும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. கலிஃபோர்னியா மாநிலம் 2011இல் அதைத் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. கோக்கும் பெப்சியும் 2012இல் அதன் அளவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றின. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் மறு ஆய்வு செய்து, வரையறுத்த அளவுக்குள் இந்த நிறங்களால் ஆபத்தில்லை என்றே கூறியிருக்கிறது; அஞ்சி ஓட வேண்டியதில்லை. ஆனால் நான்கையும் ஒரே கேரமல் என்று எண்ணுகிறவர், சீனியைக் கருக்கியதுதானே என்று ஒன்றை நம்பி, அல்லது எல்லாமே நஞ்சு என்று வீட்டுக் கேரமலையும் வெறுத்து, இரண்டு பக்கமும் தவறலாம்.

அக்ரிலமைடு பற்றிய அச்சமும் அப்படித்தான். வறுத்த உருளைக்கிழங்கு, ரொட்டி போன்ற மாவுச்சத்து உணவுகளில் அது இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் அறிவித்தபோது உலகம் திடுக்கிட்டது. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது மையார் வினையின் கிளையாக அது உண்டாகிறது. வெறும் சீனியில் அஸ்பராஜின் இல்லை. ஆகவே வெறும் கேரமலில் இந்தக் கவலைக்கு இடமில்லை. ஆழ்ந்து கறுத்த சிப்ஸுக்கும் ஆழ்ந்து சிவந்த கேரமலுக்கும் ஒரே எச்சரிக்கையை ஒட்டுவது சரியாகாது.

உண்மையான கேரமலுக்கென்று ஓர் அகன்ற உலகம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், அது இனிப்போடு நிற்பதில்லை. வங்காளிகள் ஆட்டிறைச்சிக் கறிக்குக் காய்ந்த கடுகெண்ணெயில் முதலில் ஒரு சிட்டிகை சீனியைச் சிவக்கவிட்டு, அதன்மேல் மசாலாவையும் இறைச்சியையும் போடுகிறார்கள். டிரினிடாட் தீவில் கோழிக் குழம்புக்கும் பெலாவு சோற்றுக்கும் எண்ணெயில் சீனியைக் கரும்பழுப்பாக்குவதே முதல் வேலை. வியட்நாமியர் மண்சட்டி மீன் குழம்பில் கறுத்த சீனிப் பாகை ஊற்றுகிறார்கள். சீனர்களின் சிவப்புப் பன்றிக் கறியும் சீனியைச் சிவக்க வைப்பதில் தொடங்குகிறது. கேரளத்திலும் சென்னையிலும் கிறிஸ்துமஸ் பிளம் கேக்கின் நிறம் கருக்கிய சீனியில் கொதிநீர் ஊற்றி எடுத்த பாகிலிருந்து வருகிறது. இந்த எல்லா உணவிலும் சீனி சேர்ப்பது இனிப்புக்காக அல்ல. நிறத்துக்கும் அடியில் நின்று தாங்கும் மெல்லிய கசப்புக்கும்.

இதைச் செய்ய அடி கனத்த, உட்புறம் வெளிறிய எவர்சில்வர் பாத்திரம் நல்லது. கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் பார்க்க முடியாது. தண்ணீர் சேர்த்துக் காய்ச்சினால் பாகு தெளிந்த பிறகு கரண்டி போட்டுக் கலக்கக் கூடாது. ஓரத்தில் ஒட்டிய ஒரு படிகம் முழுப் பாகையும் மணலாக்கிவிடும். பாத்திரத்தைச் சுழற்றினால் போதும். வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே அடுப்பை அணைக்க வேண்டும், ஏனென்றால் 180 டிகிரியில் இருக்கும் பாகு அணைத்த பிறகும் தன் சூட்டிலேயே மேலும் கறுக்கும். அதை நிறுத்தத் தண்ணீர் விடுவதானால் கொதிநீரை, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தெறிக்கும் துளி கொதிநீரைவிடப் பன்மடங்கு காயப்படுத்தும், தோலில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். குழந்தைகள் அடுப்படியில் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். தண்ணீருக்குப் பதில் சூடான பாலோ கிரீமோ வெண்ணெயோ சேர்த்தால் சிதைந்த சீனியின் துண்டுகளோடு பாலின் புரதம் சேர்ந்து மையார் வினையும் தொடங்கும். இப்படிச் செய்த டாஃபியின் சுவை இந்த இரண்டும் சேர்ந்தது. அந்தச் சுவை வேண்டுமென்றால் சீனி முதலில் தனியே சிவக்க வேண்டும், பால் பிறகு சேர வேண்டும். பாலையும் சீனியையும் முதலிலேயே ஒன்றாக ஊற்றிக் காய்ச்சினால் பாலின் தண்ணீர் வெப்பத்தைக் கட்டிப்போட்டுவிடும். கிடைப்பது நல்ல திரட்டுப்பாலாக இருக்கலாம், கேரமலின் கசப்பு மட்டும் அதில் வராது.